கூப்பு நின்ற பிறகு: மேற்குமலையின் பழங்காடுகளும் சட்டமும்

ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மரக்கவிகை. இவ்வளவு இருந்தால் போதும், இந்திய வன அளவை நிறுவனத்தின் செயற்கைக்கோள் படத்தில் அது காடாகிவிடும். நிலம் யாருடையது, நிற்பது என்ன மரம், எப்போது வைத்தது என்ற கேள்வியெல்லாம் கிடையாது. தைலமரத் தோப்பும் காடு, ரப்பர் தோட்டமும் காடு. லட்சத்தீவின் பரப்பில் 90 விழுக்காடு காடு என்று அறிக்கை சொல்வது அங்குள்ள தென்னைகளை நம்பித்தான். இப்படிக் கூட்டித்தான் 2021 அறிக்கையில் நாட்டின் காட்டுப் பரப்பு 7,13,789 சதுர கிலோமீட்டர், அதாவது 21.71 விழுக்காடு என்று வந்தது. மிக அடர்ந்த காடு என்ற வகைக்கு அதில் கிடைத்தது 3.04 விழுக்காடு. அந்த வகையும் கவிகையின் அடர்த்தியைப் பார்க்கிறதே தவிர வயதைப் பார்ப்பதில்லை. நன்றாக மூடிய தோட்டமும் அதற்குள் வந்துவிடும்.

மேலிருந்து படமெடுத்து நாடு முழுவதையும் ஒரே முறையில் அளக்க வேண்டுமென்றால் இதைவிட எளிய வழி இல்லை என்பது உண்மைதான். ஆனால் பல நூறு ஆண்டுகளாகத் தானே வளர்ந்து, விழுந்து, முளைத்து நின்ற மழைக்காட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் தைலமரம் வைத்தாலும் சில ஆண்டுகளில் கணக்கு நேராகிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பழங்காடுகளை வெட்டாமல் காக்க நடந்த முயற்சிகளை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: வெட்டை நிறுத்துவதில் பெருமளவு வென்றிருக்கிறோம். எது பழங்காடு என்று எழுதிவைப்பதை இன்னும் தொடங்கவே இல்லை.

ஆனைமலையின் பசுமைமாறாக் காட்டில் வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம் போன்ற மரங்கள் நூறடியையும் தாண்டி நிற்கும். வெடிப்பலா கோடைக்கு முன் கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். மற்ற பழங்கள் அரிதாகும் அந்த மாதங்களில் சிங்கவால் குரங்குக்கு அதுவே பெரிய ஆதாரம். பெரிய இருவாச்சியின் குடும்ப வாழ்க்கை இதைவிட நுணுக்கமானது. அந்தப் பறவையால் மரத்தைக் குடைய முடியாது. கிளை முறிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, பூஞ்சை பிடித்து, நடு உளுத்துத் தானாக விழுந்த பொந்துதான் அதற்கு வேண்டும். அதுவும் மூன்றடிக்கு மேல் நீளமுள்ள ஒரு பறவை குஞ்சோடு அடைந்து கிடக்கிற அளவுக்கு அகலமான மரத்தில். பெண் உள்ளே புகுந்து தன் எச்சத்தாலும் மண்ணாலும் வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் கீற்று மட்டும் மிஞ்சும். மாதக்கணக்கில் ஆண் அத்திப்பழங்களைக் கொண்டுவந்து அந்தக் கீற்றில் ஊட்டும். நல்ல பொந்து ஒன்று கிடைத்துவிட்டால் ஆண்டுதோறும் அதே மரத்துக்குத் திரும்பி வரும்.

அந்தப் பொந்து மரத்தை வனவியல் பேரேடு எப்படிப் பார்த்தது? முதிர்ந்து வளர்ச்சி நின்ற மரம், இனி நிற்பது நஷ்டம், எடுத்துவிட வேண்டும். உயிர்களுக்கு எது சொத்தோ அது பேரேட்டில் குறையாக எழுதப்பட்டது. மேற்குமலையில் நடந்த வெட்டின் பெரும்பகுதியை இந்த ஒரு குறிப்பைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

1806இல் கேப்டன் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரியை மலபார் காடுகளுக்குக் காப்பாளராகக் கிழக்கிந்தியக் கம்பெனி அமர்த்தியது. இந்தியாவில் அப்படியொரு பதவி அதுதான் முதல். அவர் காக்க வேண்டியிருந்தது கப்பல் கட்டும் தேக்கை. ஊராரிடமிருந்தும் வியாபாரிகளிடமிருந்தும் அதைப் பிடுங்கிக் கம்பெனிக்குச் சேர்ப்பதுதான் வேலை. எதிர்ப்பு முற்றியதால் 1823இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். தேக்குப் பசி தீரவில்லை. 1840களில் மலபார் கலெக்டர் கனோலி, சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரியின் உழைப்பில் நிலம்பூரில் தேக்கு நடத் தொடங்கினார். 1848 முதல் ஆனைமலைத் தேக்கு பம்பாய் கப்பல் தளத்துக்கு இறங்கியது. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சறுக்கிவிட்ட இடம்தான் இன்றைய டாப்ஸ்லிப். பிறகு ரயில் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போட எத்தனை கட்டை கிடைத்தாலும் போதவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாப்ஸ்லிப்பில் இருந்த வனத்துறை அதிகாரி ஹியூகோ வுட், வெட்டித் தீர்ந்த இடங்களில் மறுபடி தேக்கை வளர்த்தெடுத்தார். அவர் விரும்பியபடி கல்லறையும் அங்கேயே அமைந்தது. அவர் உழைப்பை மதிக்கத்தான் வேண்டும். இருந்தாலும் அவரைச் சுற்றி ஓங்கி நிற்பது அவர் வளர்த்த தேக்கு. அதற்கு முன் அங்கே இருந்தது வேறு காடு. சுற்றுலா வருகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லும் பலகை ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும்.

பரம்பிக்குளத்துக் காட்டை இறக்கக் கொச்சி சமஸ்தானம் ஒரு டிராம்வேயே போட்டது. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர். 1907இல் ஓடத் தொடங்கி 1963 வரை இருந்தது. செங்குத்தான சரிவுகளில் எஞ்சினே தேவைப்படவில்லை. மரம் ஏற்றிய பெட்டி தன் பாரத்தால் இறங்கும்போது, அதே வடத்தின் மறுமுனையில் கட்டிய வெற்றுப் பெட்டியை மேலே இழுத்துவிடும். பொறியியல் அழகு என்றுதான் சொல்ல வேண்டும். கீழே இறங்கும் பாரம் தீராதவரை அது ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அந்த ஏற்பாட்டின் உள்ளடக்கம்.

சுதந்திரத்துக்குப் பிறகு வாங்குகிறவர்கள் மாறினார்கள். பிளைவுட், தீப்பெட்டி, காகிதக்கூழ். அதுவரை தேக்கும் ஈட்டியும் தவிர மற்றவை சல்லிசு மரம் என்று விடப்பட்டிருந்த பசுமைமாறாக் காட்டுக்குள் இப்போதுதான் கூப்பு என்ற மரவெட்டு நுழைந்தது. மலையோர மக்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல் இது: கூப்பு வேலை, கூப்பு லாரி, கூப்பு ரோடு. காகிதத்தில் இது தேர்ந்து வெட்டும் முறை. குறிப்பிட்ட சுற்றளவைத் தாண்டிய மரங்களில் ஹெக்டேருக்குச் சிலவற்றுக்கு மட்டும் சுத்தியால் முத்திரை குத்தி, அவற்றை மட்டும் எடுத்துவிட்டுப் பல ஆண்டுகளுக்கு அந்தப் பக்கமே திரும்பக் கூடாது. காட்டில் நடந்தது வேறு. பெருமரம் ஒன்று சாயும்போது கொடிகளால் பிணைந்த பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு விழும். யானை இழுத்துச் செல்லும் தடத்தில் இளங்கன்றுகள் நசுங்கும். திறந்த கூரை வழியே வெயில் இறங்கி உண்ணிச்செடி மண்டும். இவை எல்லாவற்றையும்விடக் கூப்பு ரோடுதான் நிலைத்த சேதம். மரம் இறங்கிய பாதையில் மற்ற எல்லாமும் ஏறின.

வெட்டி முடித்த இடங்கள் பல வேறு பயிருக்குப் போயின. வால்பாறை மேட்டில் 1890களிலேயே மழைக்காடு காபிக்கும் தேயிலைக்கும் இடம்விட்டிருந்தது. நீலகிரியில் தைலமரமும் சீகை மரமும் சோலைகளையும் புல்வெளிகளையும் நெருக்கின. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தர, 1968 முதல் கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பகுதிகளில் வன நிலத்தில் அரசே தேயிலை வைத்தது. இரண்டு தலைமுறைக்கு முன் ஏதோ ஒரு மலையில் காட்டழித்துத் தேயிலை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொரு மலையில் அதே வேலைக்கு நிறுத்தப்பட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல நாக்கு வராது. காட்டையும் அகதியையும் ஒரே நிலத்தில் மோதவிட்டுத் தீர்வு கண்டதாக எழுதிக்கொண்ட அலுவலகங்களைத்தான் கேட்க வேண்டும்.

எதிர்ப்பு 1970களின் இறுதியில் திரண்டது. சைலன்ட் வேலியில் குந்திப்புழையை மறித்து நீர்மின் அணை கட்டும் திட்டத்துக்கு எதிராகக் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் விஞ்ஞானிகளும் கவிஞர்களும் நின்ற கதை நமக்குத் தெரியும். எம்.ஜி.கே. மேனன் குழு, இந்திரா காந்தியின் தலையீடு, 1984இல் தேசியப் பூங்கா அறிவிப்பு என்று அது முடிந்தது. கன்னி நிலம் என்று போற்றப்பட்ட அந்தப் பள்ளத்தாக்கின் சில பகுதிகளிலும் முன்பு கூப்பு நடந்திருக்கிறது என்பதை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். காடு மிச்சமிருந்ததற்கு அதன் ஒதுக்குப்புறம்தான் முதல் காவல். 1983 செப்டம்பரில் உத்தர கன்னடத்தின் சிர்சி அருகே சல்கனி ஊர் மக்கள் களசே காட்டுக்குள் போய் மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்பிக்கோ இயக்கம் நேரடியாகக் கூப்பைக் குறிவைத்தது. கடலுக்கு அப்பால் இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டிலும் இதே காலத்தில் பிளைவுட் ஆலைக்காக வெட்டிக்கொண்டிருந்தார்கள். பொதுமக்கள் எதிர்ப்பால் அங்கே 1977க்குப் பிறகு வெட்டு நின்றது. 1988இல் சிங்கராஜா உலக மரபிடமானது.

சட்டமும் நகர்ந்தது. 1980இன் வனப் பாதுகாப்புச் சட்டம், வன நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்ற வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. 1988 வனக்கொள்கை கேரளம், அருணாசலம், அந்தமான் போன்ற இடங்களின் மழைக்காடுகளை முழுமையாகக் காக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியது. பழங்காட்டை ஒட்டி நம் அரசு எழுதிய தெளிவான வரி அநேகமாக அது ஒன்றுதான். கொள்கைக்குச் சட்டத்தின் பல் இல்லை.

பல் முளைத்த இடம் கூடலூர். அந்தக் கதை தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை. கூடலூர், பந்தலூர் வட்டாரத்தின் பெரும் நிலப்பரப்பு நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பரம்பரை உடைமையான ஜென்ம நிலம். ஜமீன் ஒழிப்பு அதைத் தொடவில்லை. 1969இல் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குத்தகைக்கு எடுத்திருந்த எஸ்டேட்டுகள் நீதிமன்றம் போயின. 1972இல் உச்ச நீதிமன்றம், காடுகளை அரசு எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று அந்தப் பகுதியை மட்டும் தள்ளுபடி செய்தது. 1974இல் நாடாளுமன்றம் 34ஆம் திருத்தத்தின் வழியாகச் சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் தூக்கி வைத்தது. அப்படி வைக்கலாமா என்று எழுந்த வழக்குத்தான் வளர்ந்து வளர்ந்து, 2007இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த ஐ.ஆர். கோயல்ஹோ வழக்கானது. ஒன்பதாம் அட்டவணையும் நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டதே என்று நாடு முழுதும் சட்ட மாணவர்கள் படிக்கும் அந்தத் தீர்ப்பின் வேர் கூடலூர் ஈட்டி மரத்தடியில் இருக்கிறது.

வழக்குகள் நடந்த காலமெல்லாம் நிலம் யாருக்கென்று தீரவில்லை. தீராத நிலத்தில் மரம் நிற்காது. கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, தன் குடும்பத்தின் கையில் ஒருகாலத்தில் இருந்த காடுகள் வெட்டப்படுவதைப் பார்த்து 1995இல் உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிபதிகள் ஜே.எஸ். வர்மாவும் பி.என். கிர்பாலும் பிறப்பித்த உத்தரவு அவர் கேட்டதைவிடப் பல மடங்கு பெரிது. அகராதியில் எதைக் காடு என்கிறோமோ அதுவே சட்டத்திலும் காடு. உடைமை யாருடையதாக இருந்தாலும் 1980 சட்டம் அதற்குப் பொருந்தும். மத்திய அனுமதி இல்லாமல் நடக்கும் காடு சாராத வேலைகள் உடனே நிற்க வேண்டும். அங்கீகரித்த வேலைத்திட்டம் இல்லாமல் வெட்டு கூடாது. வடகிழக்கில் மர ஆலைகள் மூடின. தமிழ்நாட்டுக்கென்று தனியாகவும் வெட்டுத் தடை எழுதப்பட்டது. திருமுல்பாடு 2016இல் காலமானார்; அவர் பெயரிலான வழக்கில் மனுக்கள் அதன்பிறகும் குவிந்துகொண்டிருந்தன.

இந்த உத்தரவு நீதிமன்றத்தின் எல்லையைத் தாண்டியது என்போர் உண்டு. பழங்குடிகளைக் கேட்காமல் டெல்லியிலிருந்து காட்டை ஆண்டது என்பது அதைவிடக் கனமான குற்றச்சாட்டு. 2006 வன உரிமைச் சட்டம் வர அதுவும் ஒரு காரணம். கூப்பில் யானை ஓட்டியும் வழி காட்டியும் வேலை செய்தவர்களில் காடர், மலசர் பழங்குடியினர் பலர். வெட்டு நடந்தபோது கூலியாள், நின்றபிறகு அத்துமீறி நுழைந்தவர் என்ற இரண்டு பட்டமும் ஒரே ஆளுக்கு வாய்த்தன. கேரளத்து வாழச்சாலின் காடர் குடியிருப்புகளுக்கு 2014இல் சமூக வன உரிமை கிடைத்தபின், அதிரப்பள்ளியில் கட்டத் திட்டமிட்ட அணைக்கு எதிராக அவர்கள் பேசிய குரலுக்குச் சட்ட பலம் வந்தது. ஆற்றங்கரைப் பழங்காட்டுக்கு அதைவிட நல்ல காவலை வனத்துறை மட்டும் தந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இத்தனைக்குப் பிறகும் பழங்காடு போய்க்கொண்டுதான் இருக்கிறது. இப்போது அது மரத்துக்காக வெட்டப்படுவதில்லை. மரம் வழியில் நிற்கிறது என்று வெட்டப்படுகிறது. சாலை, மின்தடம், சுரங்கம், துறைமுகம். அனுமதி கேட்கிறவர் ஈட்டுக் காடு வளர்க்கப் பணம் கட்ட வேண்டும். காட்டின் நிகர மதிப்பையும் கட்ட வேண்டும். 2008 உத்தரவின்படி அந்த மதிப்பு ஹெக்டேருக்கு 4.38 லட்சத்திலிருந்து 10.43 லட்சம் ரூபாய் வரை இருந்தது. வகையையும் அடர்த்தியையும் வைத்து விலை ஏறும், இறங்கும்; வயதுக்குத் தனி விலை கிடையாது. அந்த மேல்விலையே நகர்ப்புறத்தில் ஒரு சென்ட் மனைக்குப் போதாத இடங்கள் இருக்கின்றன. கிரேட் நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்க சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு மாற்றப்படுகிறது. அதற்கு ஈடாக மரம் வைக்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் அரியானாவும் ஒன்று. பேரேட்டில் இரண்டு பக்கமும் சரியாக இருக்கும்.

வன எல்லைக்கு வெளியே நிற்கும் பழமரங்களின் கதி இன்னும் மோசம். வயநாட்டின் முட்டில் கிராமத்தில், பட்டா நிலத்து மரங்களை விவசாயிகள் வெட்டிக்கொள்ளலாம் என்று 2020இல் வந்த ஓர் அரசாணையைச் சாக்காக வைத்து, நூற்றாண்டுகள் கண்ட ஈட்டி மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். விஷயம் வெளியே வந்தபோது மரம் லாரி ஏறியிருந்தது.

வயதைச் சட்டத்தில் எழுத முடியுமா? பெரும்பாலான மழைக்காட்டு மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாக விழாது. தேக்கு போன்ற சிலவே விலக்கு. ஆகவே மரத்துக்கு வயது கேட்பதைவிடக் காட்டின் கட்டமைப்பைக் கேட்பதே சரி: பருத்த மரங்களின் எண்ணிக்கை, அடுக்குகள், கொடிகள், நின்றபடி பட்டுப்போன மரங்கள், விழுந்து மட்கும் தண்டுகள், அங்கேயே உரிய இனங்கள். இது நடக்காத காரியமில்லை. அமெரிக்காவின் பசிபிக் கரையில் புள்ளி ஆந்தையை முன்னிட்டு நடந்த வழக்குகளின் முடிவில், 1994இன் வடமேற்கு வனத் திட்டம் முதிர்காடுகளுக்கென்றே காப்பிடங்களை வரைந்தது. 2023இல் அங்கே கூட்டரசின் நிலங்களில் சுமார் 3.2 கோடி ஏக்கர் பழங்காடு இருப்பதாகக் கட்டமைப்பை வைத்தே கணக்கெடுத்தார்கள். அதையொட்டி நாடு முழுவதற்கும் கொண்டுவர இருந்த பாதுகாப்புத் திருத்தம் 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது. கணக்கு இருந்தால் காடு பிழைத்துவிடும் என்று அதனால் சொல்ல முடியாது. என்ன இழக்கிறோம் என்று சண்டையிட ஓர் ஆவணமாவது இருக்கும்.

நமக்கு அறிவும் குறைவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பாஸ்கால் 1980களிலேயே மேற்குமலையின் பசுமைமாறாக் காடுகளை இனம்பிரித்து வரைபடமாக்கினார். குடகின் உப்பங்கலாவில் அந்த நிறுவனத்தின் நிரந்தர ஆய்வுத் திடல்களில், வெட்டாத காடும் கூப்பு நடந்த காடும் 1990 வாக்கிலிருந்து ஒவ்வொரு மரமாக அளக்கப்படுகின்றன. 2000ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, மேற்குமலையும் இலங்கையும் சேர்ந்த பகுதியில் ஆதித் தாவரப் போர்வை சுமார் 7 விழுக்காடே மிஞ்சியிருப்பதாகச் சொன்னது. மிச்சத்தில் ஒரு பகுதி எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டுத்துண்டாகக் கிடக்கிறது. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அப்படிப்பட்ட துண்டுக் காடுகளில் இருபதாண்டுகளுக்கு மேலாக உண்ணிச்செடியைப் பிடுங்கி, அந்தந்த இடத்து மரக்கன்றுகளை நாற்றங்கால் போட்டு நட்டுவருகிறது. அப்படி நட்ட இடங்கள், சும்மா விட்ட இடங்களைவிட நன்றாகத் தேறியிருப்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. சேதமில்லாத காட்டின் நிலையை அவை இன்னும் எட்டவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஈட்டுக் காடு என்ற பேச்சுக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

2023இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. முறைப்படி அறிவிக்கப்பட்ட காடுகளுக்கும், 1980 அக்டோபர் 25 அன்றோ அதன்பின்னோ அரசு ஆவணத்தில் காடு என்று பதிவான நிலங்களுக்கும் மட்டும் சட்டம் செல்லும் என்று சுருங்கியது. கூடலூரில் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இன்கீழ் வரும் நிலங்களைப் போலத் தகராறில் கிடக்கும் பரப்புகளுக்கு இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அதே நிலத்தில் பட்டாவும் மின்சாரமும் இல்லாமல் காத்திருக்கும் சிறு விவசாயிக்கும் இந்தச் சுருக்கம் எதையும் தீர்த்துவைக்காது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 1996இன் அகராதிப் பொருளே செல்லும் என்று இடைக்கால உத்தரவிட்டது. கூடவே, மாநிலங்கள் அடையாளம் கண்ட காடுகளின் விவரத்தை மார்ச் 31க்குள் ஒப்படைக்கச் சொன்னது.

அந்த விவரம் 1996லேயே கேட்கப்பட்டது. ஒவ்வொரு மாநிலமும் ஒரு மாதத்துக்குள் நிபுணர் குழு அமைத்து மூன்று பட்டியல் எடுக்க வேண்டும் என்பது அன்றைய உத்தரவு: காடாக இருப்பவை, காடாக இருந்து சிதைந்தவை, தோட்டமாக வைத்தவை. தோட்டத்தையும் காட்டையும் பிரித்தெழுதும் அளவுக்கு நீதிபதிகளுக்கு அன்று தெளிவு இருந்தது. மூன்று பட்டியல்களையும் களத்தில் இறங்கி, சர்வே எண்ணோடு மறுபடி எடுக்க வேண்டும். எடுக்கும்போது பழங்காட்டுக்கு நான்காவதாக ஒரு பட்டியலையும் சேர்க்க வேண்டும். எஸ்டேட்டுக்குள் நிற்கும் ஐந்து ஏக்கர் துண்டும், தகராறு நிலத்து ஈட்டிக் கூட்டமும், காடருக்கும் காட்டுநாயக்கருக்கும் மட்டுமே பெயர் தெரிந்த ஓடையோரமும் அதில் வர வேண்டும். நான்காம் பட்டியலில் ஏறிய இடத்துக்கு ஈடு என்ற பத்தியே படிவத்தில் இருக்கக் கூடாது. இந்த வேலையைக் கூடலூரில் தொடங்கலாம். அங்கே நில ஆவணங்கள் அரை நூற்றாண்டாக நீதிமன்றங்களின் மேசையில்தான் இருக்கின்றன.